மூன்றாவது உருண்டை

ததேயுஸ் ஒன்பது ‘அருள் நிறைந்த மரியே’ முடியும்வரை தண்ணீருக்குள் கிடப்பான். குளச்சலுக்கு மேற்கே எங்கள் கரையில் சிப்பிக்கு முங்குகிறவர்கள் நேரத்தை அப்படித்தான் அளப்போம். ஒருவன் உளியும் வலைப்பையுமாகக் கீழே போய்ப் பாறையில் சிப்பி சுரண்டிக்கொண்டிருக்கும்போது, மற்றவன் மேலே லாரி டியூபைப் பிடித்தபடி செபம் சொல்வான். சாதாரண ஆளுக்கு ஐந்து. நல்ல ஆளுக்கு ஆறு. நான் எட்டு வரை கிடந்திருக்கிறேன். அந்தக் காலத்து ஆட்கள் இன்றும் அதைச் சொல்வார்கள். ததேயுஸ் ஒன்பது. அந்த ஒன்று எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருந்தது.

நான் ஞானதாசன். ஆறாம் வகுப்பில் பாதி வருடம் இருந்தேன், அதோடு சரி. அப்பன் எனக்கு விட்டுப்போனது துருப்பிடித்த ஒரு உளி. முப்பத்தெட்டு வயதில் முங்குவதை நிறுத்திவிட்டு, கரையில் நின்று சிப்பியை மொத்தமாக எடுத்து மலையாளக் கரைக்கு ஏற்றத் தொடங்கினேன். இன்று எனக்கு ஐஸ் பெட்டி வைத்த வண்டி இரண்டு, சாலையோரம் மூன்று மாடி வீடு. அதில் ஒரு செங்கல்கூட மற்றவன் எடுத்துக் கொடுத்ததில்லை. எழுபத்திரண்டு வயதில் மூன்றாவது மாடிக்கு ஏறி, நின்று மூச்சு வாங்காமல் போனில் பேசுவேன். இதையெல்லாம் சொல்வது, ததேயுஸைப் பற்றி எழுத இவனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்கிறவர்களுக்காக. இருபது வருடம் ஒரே டியூபைப் பிடித்துக் கிடந்தவர்கள் நாங்கள்.

அவன் என்னைவிட மூன்று வயது இளையவன். மெலிந்த உடம்பு, அதில் பானை கவிழ்த்ததுபோல் ஒரு நெஞ்சு. இடது காது தண்ணீரின் அழுத்தத்தில் போய்விட்டது. பேசுகிறவர்களுக்கு வலது பக்கத்தைத் திருப்பிக் கொடுப்பான். அதிகம் பேசமாட்டான். பேசினால் அதில் ஒரு குத்து இருக்கும். மனைவி சகாயசெல்வி. ஒரே மகன் லிஜின் மஸ்கட்டில் இருக்கிறான். நான் கரையேறின பிறகும் ததேயுஸ் அறுபது வயது வரை முங்கினான். எனக்கு வந்த புத்தி அவனுக்கு வரவில்லை என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அவன் காதிலும் அது விழுந்திருக்கும், நல்ல காதில்.

முங்குவதற்கு முன்னால் நாங்கள் மூச்சு கழுவுவோம். நாய் இரைப்பதுபோல் பதினைந்து இருபது தடவை வேகவேகமாக இழுத்து விடுவதுதான் அது. தலை லேசாகும், விரல் நுனி மரத்துப்போகும். அப்போது கடைசியாக ஒன்றை ஆழமாக இழுத்துக்கொண்டு கீழே போகவேண்டும். அப்படிப் போனால் மூச்சு முட்டுகிற எண்ணமே ரொம்ப நேரம் வராது. நெஞ்சில் கிடக்கிற பழைய காற்றைக் கழுவித் தள்ளிவிட்டுப் புதுக்காற்றை நிரப்புகிறோம் என்பது எங்கள் நினைப்பு. என் அப்பனும் அப்படி, அப்பனுக்கு அப்பனும் அப்படி. எனக்குத் தெரிய எங்கள் கரையில் இரண்டு பேர், கடல் குளம்போல் கிடந்த நாளில், மேலே வந்துகொண்டிருக்கும்போதே கை தளர்ந்து திரும்பவும் கீழே போனார்கள். ஒருவனுக்கு நெஞ்சுவலி என்றோம். மற்றவனுக்கு வீட்டில் ஏதோ மனக்கவலை என்றோம். மூச்சு கழுவியதை யாரும் சந்தேகப்படவில்லை.

ததேயுஸ் பீடியையும் தீப்பெட்டியையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி டியூபின் மேலேயே கட்டி வைத்திருப்பான். குளிரில் நடுங்கி மேலே வந்ததும் முதலில் அதைத்தான் தேடுவான். ஈர உதட்டில் பீடி ஒட்டிக்கொண்டு நிற்கும். கரையில் டிரம் வைத்து விறகு எரித்துச் சிப்பி அவிக்கும்போது அந்தப் புகையிலும் அவன்தான் நிற்பான். அறுபதுக்குப் பிறகு அவன் மூச்சு மாறியது. கோயில் படி ஏறும்போது பாதியில் நின்று கடலைப் பார்ப்பான். கடலையா பார்க்கிறான் என்று நானும் கேட்டதில்லை.

சென்ற வருடம் மலத்தோடு ரத்தம் போனது. நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். குடலில் கட்டி. ஆபரேஷன் செய்கிற டாக்டர், கட்டி வேறெங்கும் பரவவில்லை, வெட்டி எடுத்தால் பிழைப்பார் என்றார். சகாயசெல்வி அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் மயக்கம் கொடுக்கிற டாக்டர் ததேயுஸின் நெஞ்சைப் பார்த்தார், அவன் பேசும்போது இடையிடையே நிறுத்துவதைப் பார்த்தார், ஊதிப்பார்க்கிற டெஸ்ட் எழுதினார்.

அந்த அறையில் அஜிதா என்று ஒரு பெண். நெய்யூர்ப் பக்கத்துப் பிள்ளை; சின்ன உருவம், பெரிய சத்தம். ததேயுஸின் மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் அட்டைக் குழாயைக் கொடுத்தாள்.

“தாத்தா, நெஞ்சு நிறைய இழுங்க. இழுத்த உடனே ஒரே தள்ளா ஊதணும். நான் போதும்னு சொல்லுத வரைக்கும் விடாம ஊதணும்.”

ததேயுஸ் இழுத்தான். இழுத்ததும் வாயை இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டான்.

“ஊதுங்க.”

அசையவில்லை.

“ஊதுங்க தாத்தா. ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க.”

எனக்கு அந்த முகம் தெரியும். தண்ணீருக்குள் இருக்கிற முகம். கொஞ்சம் கழித்துக் காற்றைச் சிக்கனமாக, துளித்துளியாக விட்டான். மூன்று தடவையும் இதே கதை.

“என்னத்துக்கு தாத்தா பிடிச்சு வைக்கீங்க?” என்று அவள் கேட்டாள்.

“நாப்பத்தஞ்சு வருசம் பிடிச்சு வச்சுத்தான் பிள்ள சோறு தின்னேன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “மக்களே, இவன் யாருன்னு தெரியுமா? ஒம்பது ‘அருள் நிறைந்த’ தண்ணிக்குள்ள கிடப்பான். நான் எட்டு.”

“நாங்க சி.எஸ்.ஐ. தாத்தா, எங்க சபையில அந்தச் செபம் கிடையாது. அது எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியாது,” என்றாள். “ஆனா இங்க உள்ள வைக்கதுக்கு மார்க் கிடையாது. வெளிய விடுததுக்குத்தான் மார்க்.”

முதல் செகண்டில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதுதான் அந்த எண்ணாம். நல்ல நெஞ்சுக்கு நூறு என்றால் ததேயுஸுக்கு முப்பத்தாறு. மயக்க டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, மறைக்காமல் சொன்னார்.

“ஆபரேஷன் சமயத்துல மெஷின் இவருக்காக மூச்சு விடும். முடிஞ்சு குழாயை எடுத்த பிறகு இவருதான் சொந்தமா மூச்சு விடணும், பலமா இருமிச் சளியைத் துப்பணும். இந்த முப்பத்தாறை வச்சுக்கிட்டு அது நடக்காது. ஐம்பது கிட்டக் கொண்டு வாங்க, நான் தைரியமா மயக்கம் கொடுக்கேன். மூணு வாரம் பார்ப்போம். அதுக்கு மேல கட்டி காத்துக்கிட்டு இருக்காது.”

ஆக, விஷயம் இவ்வளவுதான். மூன்று வாரத்தில் முப்பத்தாறு ஐம்பது ஆனால் ததேயுஸ் பிழைப்பான். ஆகாவிட்டால் கட்டி வளர்ந்து குடலை அடைக்கும்.

மூச்சு எப்படி வேலை செய்கிறது என்று அஜிதாதான் எங்களுக்குச் சொன்னாள். முப்பத்தெட்டு வயதுவரை மூச்சை விற்றுப் பிழைத்த எனக்கு அதில் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. நுரையீரல்தான் காற்றை இழுக்கிறது என்று நினைத்திருந்தேன். நுரையீரலுக்கு இழுக்கிற சக்தியே கிடையாதாம். அது சும்மா தொங்குகிற பை. அதற்குக் கீழே, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில், குடைபோல் கவிந்த ஒரு சதை இருக்கிறது. அது கீழே இறங்கும். அதே சமயம் விலா எலும்புகள், வாளியின் கைப்பிடியைத் தூக்குவதுபோல், பக்கவாட்டில் மேலே ஏறும். உள்ளே இடம் பெரிதாகும். காற்று தானாக வந்து விழும். விடுவதற்குப் பாடே இல்லை. சதையைத் தளர்த்தினால் போதும், நுரையீரல் ரப்பர்போல் தானே சுருங்கிக் காற்றைத் தள்ளிவிடும்.

“தாத்தாவுக்கு அந்த ரப்பர்தான் போச்சு,” என்றாள் அஜிதா. “பழைய எலாஸ்டிக் மாதிரி இழுவிப் போச்சு. காத்து உள்ள போகுது, வெளிய வரமாட்டேங்குது. பழைய காத்து உள்ளயே கிடக்கும்போ புதுக்காத்துக்கு இடம் எங்க இருக்கு? விலா எலும்பு ஏறின இடத்துலயே நிக்குது, அதுதான் நெஞ்சு இப்படிப் பானை மாதிரி இருக்கு.”

“அப்போ எனக்க நெஞ்சு, நாடா போன ஜட்டின்னு சொல்லுதியா மக்களே,” என்றான் ததேயுஸ்.

அவள் சிரித்துவிட்டாள். சகாயசெல்வி சிரிக்கவில்லை. “அந்த ஜட்டிய இனி தைக்க முடியுமா பிள்ள?” என்று கேட்டாள்.

“தைக்க முடியாது அம்மா. ஆனா இருக்கத வச்சு நல்லா ஓட்டலாம்.”

மருந்தை வாய்வழியாக இழுக்கிற பம்ப் ஒன்று கொடுத்தார்கள். பீடி கூடவே கூடாது. மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, மெழுகுதிரியை அணைக்காமல் அசைப்பதுபோல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை விடவேண்டும். பைய இழுக்கவேண்டும், அதைவிடப் பைய விடவேண்டும். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் சாமான்: மூன்று குழல், ஒவ்வொன்றிலும் ஒரு உருண்டை, பக்கத்தில் ஒரு குழாய். குழாயில் வாய் வைத்து இழுத்தால் முதல் உருண்டை ஏறும். இன்னும் பலமாக இழுத்தால் இரண்டாவது. அதற்கும் மேல் மூன்றாவது. ஐந்து தடவை இழுத்தால் ஓய்வு. அவசரம் கூடாது, தலை சுற்றினால் உடனே நிறுத்தவேண்டும் என்று அஜிதா இரண்டு தடவை சொன்னாள். முதல் தடவை ததேயுஸைப் பார்த்து. இரண்டாவது தடவை என்னைப் பார்த்து.

காலையிலும் மாலையிலும் ஸ்கூட்டரில் ததேயுஸின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவன் உட்கார்ந்திருப்பான். முதல் நாள் நான் வாங்கி இழுத்துக் காட்டினேன். மூன்று உருண்டையும் ஒரே இழுப்பில் மேலே போய் முட்டி நின்றன. நான் பொய் சொல்லுகிறவன் இல்லை, சகாயசெல்வி சாட்சி.

“கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு,” என்றான் ததேயுஸ். “ஒம்ம கொண்டு போய் வெட்டச் சொல்லுவோம் ஓய்.”

அவன் இழுத்தபோது முதல் உருண்டை பாதி ஏறி நடுங்கி விழுந்தது.

ஆனால் அவன் விடவில்லை. ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, உதட்டைக் குவித்து, பொறுமையாக. பிடித்து வைக்கிற பழக்கம் போவதற்கே நான்கைந்து நாள் ஆயிற்று. இழுத்ததும் நெஞ்சு தானாகப் பூட்டிக்கொள்ளும். சகாயசெல்வி அடுக்களையிலிருந்தே “விடும், விடும்” என்பாள். “விடச் சொல்லி ஒருத்தி, இழுக்கச் சொல்லி ஒருத்தன், நடுவுல நான்,” என்பான். ஒரு வாரத்தில் முதல் உருண்டை ஏறி நின்றது. பத்தாம் நாள் இரண்டாவது ஏறி, ஒரு கணம் மேலே தங்கியது. அன்று டெஸ்ட் எடுத்தார்கள். நாற்பத்து மூன்று. அஜிதா கையைத் தட்டினாள். இப்படியே பைய போங்க தாத்தா, கிட்ட வந்துட்டீங்க என்றாள். திரும்பி வருகிற வழியில் ததேயுஸ் மீன் வாங்கச் சொன்னான். அன்று அவன் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான் என்று சகாயசெல்வி மறுநாள் எனக்குச் சொன்னாள், பெரிய செய்திபோல.

அதற்குப் பிறகு பத்து நாள் எண் எப்படிப் போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. உருண்டை ஒன்றுதான் அளவு. இரண்டாவது தினமும் ஏறியது. மூன்றாவது அடியில் ஒட்டவைத்ததுபோல் கிடந்தது. மூன்றாவது ஏறினால்தான் ஐம்பது என்று யாரும் சொல்லவில்லை. உருண்டை இழுப்பதற்கு, டெஸ்ட் ஊதுவதற்கு. இரண்டும் வேறு வேறு வேலை. நான்தான் அப்படி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். நான் வாழ்க்கையில் போட்ட கணக்கு எதுவும் பிசகியதில்லை.

வியாழக்கிழமை கடைசி டெஸ்ட்; அதில் ஐம்பது வந்தால் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். புதன் காலை போனேன். ததேயுஸ் பம்ப் இழுத்து வாய் கொப்பளித்துவிட்டு இருந்தான். ஐந்து தடவை இழுத்தான். இரண்டாவது ஏறியது, மூன்றாவது கிடந்தது.

“சவத்து உருண்ட,” என்றேன். “லே, இப்படி பிள்ளத்தாச்சி மாதிரி பைய பைய இழுத்தா அது எப்பம் ஏறும்?”

“அந்தப் பிள்ள பையத்தான் இழுக்கச் சொன்னா ஓய்.”

“அவ கடல்ல இறங்கியிருக்காளா? ஒரு சிப்பி சுரண்டியிருக்காளா? நீ ஒம்பது கிடந்தவன்லே. மூச்சு கழுவாம என்னைக்காவது முங்கியிருக்கியா? எழும்பு. இருந்து இழுத்தா வயிறு மடங்கும். நின்னு, நல்லா இருபது கழுவிட்டு, ஒரே இழுப்பு. மூணும் ஏறுதா இல்லியான்னு பாரு.”

அவன் உருண்டைச் சாமானை மடியில் வைத்துக்கொண்டான். “வேண்டாம் ஓய். தலை சுத்தும்,” என்றான்.

“சுத்தட்டும். கடல்லயும் சுத்தும்லா. பயந்துட்டியா மக்கா?”

இருபது வருடம் ஒருவனோடு கிடந்தால் அவனை எதைச் சொன்னால் எழுப்பலாம் என்று தெரியும். ததேயுஸ் எழுந்து நின்றான்.

நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாய் இரைப்பதுபோல் இழுத்து விட்டான். எட்டு, ஒன்பது. கழுத்துச் சதை கயிறுபோல் எழும்பியது. பன்னிரண்டு. தோள் மேலேயே நின்றுவிட்டது, இறங்கவில்லை. உதடு நாவல்பழம் தின்றதுபோல் மாறத் தொடங்கியது. எனக்கு அந்த நிறம் தெரியும். தெரிந்தும் எண்ணினேன். பதினேழு, பதினெட்டு.

“இனி இழு,” என்றேன்.

வாயில் குழாயை வைத்தான். இழுத்தான். கண் பிதுங்க இழுத்தான். முதல் உருண்டைகூட அசையவில்லை.

அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் கால் மடங்கி வலது பக்கமாகச் சாய்ந்தான். முற்றத்தில் துணி துவைக்கிற கல் இருந்தது. அதன் விளிம்பில் அவன் நெஞ்சு போய் அடித்தது. பெரிய சத்தம் இல்லை. காய்ந்த ஓலைமட்டையை மடக்கியதுபோல் இருந்தது.

என் ஐஸ் வண்டியின் முன் இருக்கையில் தூக்கி உட்காரவைத்து நானே ஓட்டிக்கொண்டு போனேன். சகாயசெல்வி அவனைத் தாங்கியபடி இருந்தாள். ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தார் என்று கேட்டார்கள். “முற்றத்துல வழுக்கி விழுந்துட்டான்,” என்று என் வாய் சொன்னது. யோசித்துச் சொல்லவில்லை. மீன் ஏலத்தில் எண் சொல்வதுபோல் வந்து விழுந்தது.

வலது பக்கம் இரண்டு விலா எலும்பு முறிந்திருந்தது. அதற்குக் கட்டும் போடமாட்டார்களாம், மாவும் வைக்கமாட்டார்களாம். மூச்சு விட விட அது அசைந்துகொண்டுதான் இருக்கும். வலிக்கு மருந்து கொடுத்து, ஆழமாக இழுங்கள், நன்றாக இருமுங்கள் என்றார்கள். வாளியின் கைப்பிடி உடைந்துபோன பிறகு எதைப் பிடித்துத் தூக்குவது?

அஜிதா வார்டுக்கு வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

“தாத்தா, பயிற்சி செய்யும்போ மயக்கம் வந்து விழுந்தாரா?”

“இல்ல மக்களே. வழுக்கினான்.”

அவள் வார்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “நான் கேக்கது எதுக்குன்னா, இவங்க வேகமா மூச்சு எடுத்தா, போன காத்து வெளிய வாறதுக்கு நேரம் கிடைக்காது. ஒண்ணுக்கு மேல ஒண்ணு உள்ள அடுக்கிக்கிட்டே போகும். நெஞ்சு வீங்கி அப்படியே நிக்கும். ரத்தம் இதயத்துக்குத் திரும்பாது. ஆளு விழுந்துருவாங்க.”

அதனால்தான் முதல் உருண்டைகூட அசையவில்லை என்று எனக்கு விளங்கியது. நிரம்பின குடத்தில் மொண்டு ஊற்றச் சொல்லியிருக்கிறேன்.

வேறு எதற்கோ கேட்பதுபோல் கேட்டேன். “நல்ல நெஞ்சு உள்ளவன் வேகமா எடுத்துட்டுத் தண்ணியில முங்கினா?”

“அது வேற ஆபத்து. மூச்சு எடுன்னு மூளை சொல்லுதது நல்ல காத்து குறையுததுனால இல்ல தாத்தா, கெட்ட காத்து கூடுததுனால. வேகமா எடுத்தா கெட்ட காத்து எல்லாம் வெளிய போயிரும். அப்புறம் நல்ல காத்து தீர்ந்தாலும் மூளை ஒண்ணும் சொல்லாது. முட்டலே தெரியாம, மேல வாற வழியில மயங்கிருவாங்க.”

அவள் போன பிறகு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். கடல் குளம்போல் கிடந்த நாளில் கை தளர்ந்து கீழே போன அந்த இரண்டு பேரை நினைத்தேன். அதில் ஒருவனுக்கு மேலே டியூபைப் பிடித்துச் செபம் சொல்லிக்கொண்டிருந்தது நான். ஆறு முடிந்து ஏழு சொல்லும்போது, ஆள் கொள்ளாம் என்று சந்தோஷப்பட்டேன்.

நான்கு நாள் ததேயுஸ் கோழிபோல் மேலோட்டமாக மூச்சு விட்டான். ஆழமாக இழுத்தால் முறிந்த இடம் குத்தும். இருமாததால் சளி அடியில் தேங்கியது. சளி தேங்கின இடத்தில் காய்ச்சல் பிடித்தது. இருமும்போது விலாவில் ஒரு தலையணையை அழுத்திப் பிடித்தால் வலி குறையும் என்று நர்ஸ் காட்டித்தந்தாள். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

“இருமு மக்கா.”

“வேண்டாம் ஓய்.”

“ஒரு தடவை. நான் பிடிச்சிருக்கேன்.”

இருமினான். கண்ணில் நீர் வந்தது. துப்புவதற்கு ஒன்றும் வரவில்லை. தலையணைக்கு அந்தப் பக்கம் எலும்பு உரசுவது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. சகாயசெல்வி வெந்நீர் எடுக்கப் போயிருந்தாள்.

“லே, என் பேச்சைக் கேட்டு நீ எழும்பியிருக்கப்பிடாது,” என்றேன்.

அவன் நல்ல காதைத் திருப்பினான். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். “ஒம்ம பேச்ச... கேக்காம... எப்பம் முங்கினேன்?”

அது குத்தா, ஆறுதலா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஆபரேஷன் குறித்திருந்த செவ்வாய்க்கிழமை அவன் முகத்தில் மூடி வைத்து மெஷின் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு மூச்சு. வயிறு உள்ளே போகும்போது நெஞ்சு மேலே வந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இழுத்தன. குடைச் சதை களைத்துப்போனால் அப்படித்தான் ஆகும் என்றார்கள். நாம் ஒருவரும் மூச்சு விடுவதை வேலை என்று நினைப்பதில்லை. அவனுக்கு அது பாறையில் உளி அடிக்கிற வேலையாக இருந்தது, இடைவேளை இல்லாமல்.

மத்தியானம் டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டார். தொண்டையில் குழாய் போட்டுப் பெரிய மெஷினில் வைக்கலாம், ஆனால் இந்த நெஞ்சு அதிலிருந்து திரும்பி வருமா என்பது சந்தேகம் என்றார். நான் போடச் சொன்னேன். எவ்வளவு ஆனாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சகாயசெல்வி என்னைப் பார்க்காமல் டாக்டரிடம் சொன்னாள்.

“வேண்டாம் சார். காத்துக் குழாய் வச்சு முங்குதவங்களக் கண்டாலே அவருக்கு ஆகாது.”

மாலை நாலு மணிக்கு முப்பத்தெட்டு இருபதாயிற்று. ஆறுதல் வந்துவிட்டது என்று நினைத்தேன்; அஜிதா தலையை அசைத்தாள். இருபது பத்தாயிற்று. அப்புறம் ஒரு மூச்சு வெளியே வந்தது, நீளமாக, அவன் வாழ்நாளில் அப்படி முழுதாக விட்டு நான் பார்த்ததில்லை. அதற்குப் பின் உள்ளே போகவில்லை.

லிஜின் மஸ்கட்டிலிருந்து வந்து அடக்கம் செய்தான். பெட்டிச் செலவு முதல் பந்தல் வரை எல்லாம் என் மேற்பார்வை. எங்கள் பங்குக் கோயிலில் அண்மையில் அப்படி ஒழுங்காக ஒரு அடக்கம் நடக்கவில்லை என்று சாமியாரே சொன்னார். அந்தக் கூட்டத்திலும் என்னிடம் வந்து கேட்டவர்களுக்கெல்லாம் வழுக்கி விழுந்தான் என்றுதான் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சொன்ன சொல் வாயில் பழகிவிட்டது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சகாயசெல்வியின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் அந்தக் கல் இல்லை. யாரையோ வைத்துத் தூக்கி வெளியே போட்டிருந்தாள். நாற்காலி போட்டாள். நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன், புதன்கிழமை நடந்ததை, ஒன்று முதல் பதினெட்டு வரை.

“எனக்குத் தெரியும்ணே,” என்றாள். “அடுக்களை ஜன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். நீங்க எண்ணுதது கேட்டுச்சு.”

“பின்ன நீ ஏன் தடுக்கல்ல?”

“மறுநாள் டெஸ்டுல்லா.” சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். “எனக்கும் அது ஏறணும்னு இருந்து.”

அவள் சேலைத் தலைப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஊரெல்லாம் வழுக்கி விழுந்தாருன்னு சொல்லி வச்சிருக்கீங்க. பாசி பிடிச்ச பாறையில நாப்பத்தஞ்சு வருசம் நின்ன மனுசன், சொந்த முற்றத்துல வழுக்கினானாம், குடிச்சிருப்பான்னு ஏலக்கூடத்துல பறயுதானுவ. லிஜின் காதுலயும் விழுந்தாச்சு. அவன் போன்ல எங்கிட்ட கேக்கான், அப்பா அன்னைக்குக் குடிச்சிருந்தாராம்மான்னு. ஒங்க பெருமைய ஊருக்கெல்லாம் சொல்லுதீங்கல்லா. இதையும் சொல்லுங்க.”

மறுநாள் விடிந்ததும் ஏலக்கூடத்துக்குப் போனேன். முப்பது நாற்பது பேர் நின்றார்கள். என் பேச்சு என்றால் அங்கே எப்போதும் கூட்டம் கூடும். சொல்லத் தொடங்கினேன். நான் எண்ணின இடம் வந்ததும் இருமலைப்போல் ஏதோ செய்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். வாயால் முடியாததால் எழுத உட்கார்ந்தேன். இதை எழுதி முடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. பிரதி ஒன்று மஸ்கட்டுக்குப் போகிறது.

ததேயுஸ் அன்று குடித்திருக்கவில்லை. அவன் கால் வழுக்கவும் இல்லை. வேண்டாம் என்று அவன் சொன்னான். நான் பயந்துவிட்டாயா என்று கேட்டேன். அவன் எழுந்து நின்றான், நான் எண்ணினேன்.